கோரிமேட்டுக்கு வழி எது?

புதுச்சேரிக்குச் செல்வோரில் பலர் கடலை எண்ணிச் செல்கின்றனர். கோரிமேட்டுக்குச் செல்வோர் நோயை எண்ணிச் செல்கின்றனர். நகரம் ஒன்றே, வருவோர் இரு வகையினர். முன்னவர் வழி தவறினால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். ஊர் திரும்பிய பின் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். பின்னவர் வழி தவறினால் ஒரு நாள் போய்விடும். நோயாளிக்கு ஒரு நாள் என்பது சிறிதன்று.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உணவையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள். ஒட்டகத்தில் சென்ற காலத்துக்கு மட்டும் உரிய சொல் அது என்று நினைப்போர், ஒரு காலைப்பொழுதில் கோரிமேட்டுச் சாலையோரம் நின்று பார்க்கவேண்டும். கையில் மஞ்சள் பையும், பைக்குள் ஊடுகதிர்ப் படங்களும், முகத்தில் கலக்கமுமாக எத்தனை பேர் வந்து இறங்குகின்றனர்! அவர்களுள் பாதிப்பேரின் வாயில் ஒரே கேள்விதான்: “இதுதானா அந்த இடம்?”

ஓரிடம், நான்கு பெயர்

புதுச்சேரி நகரிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் வடமேற்கு விளிம்பில் அமைந்துள்ளது கோரிமேடு. அதைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டானூர் வந்துவிடும். ‘கோரி’ என்ற சொல் கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், இன்று மக்கள் அங்கே நாடிச் செல்வது உயிர் காக்கும் சிகிச்சையைத்தான்.

ஜிப்மர் எனப்படும் ஜவஹர்லால் மருத்துவப் பட்டமேற்படிப்பு ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் ஏறத்தாழ 195 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. 1823-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியினர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இதன் மூலவித்து. நகரம் இந்தியாவுடன் இணைந்த பின்னர், 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. பண்டித நேரு மறைந்து இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1964 ஜூலை 13 அன்று, குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அந்நிறுவனத்தை நேருவின் பெயரில் தொடங்கி வைத்தார். 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

பெயர்கள் மாறின, ஆனால் பழைய பெயர் முற்றிலும் போய்விடவில்லை. தபால் முகவரியில் இன்றும் ‘தன்வந்திரி நகர்’ என்றே இருக்கிறது. கடிதத்தாளில் ஜவஹர்லால் பெயர். பேருந்துக்காரர் வாயில் ஜிப்மர். ஊராரின் பேச்சில் கோரிமேடு. உள்ளூர்க்காரருக்கு இவை யாவும் ஒன்றே. அயலூரான் ஒருவனுக்கோ இவை நான்கு திசைகள். இதற்கு மேல், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையிலும் ஒரு கோரிமேடு உண்டு! கைப்பேசியின் வரைபடத்தில் பெயரை மட்டும் இட்டுத் தேடுவோர், முதலில் வந்து நிற்பது எந்தக் கோரிமேடு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அயல்நாடாக இருந்த நகரம்

புதுச்சேரி நமக்கு அந்நிய நகரமா என்று சிலர் வினவலாம். தமிழ் பேசும் நகரந்தான். ஆயினும் அது நெடுங்காலம் வேற்றாட்சியின் கீழ் இருந்தது. 1908-இல் ஆங்கில அரசின் கைக்கு எட்டாத இடம் என்று கருதியே பாரதியார் அங்கே சென்று தங்கினார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறும் வரையில், இன்று நாம் பேருந்தில் அமர்ந்தபடியே கடந்துபோகும் எல்லைக்கோடு இரு நாடுகளின் கோடாக இருந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படியான இணைப்பும் நிறைவுற்றது.

அந்தப் பழைய வாழ்வின் சுவடுகள் இன்னும் அழியவில்லை. புதுச்சேரிக் காவலர்களின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக் காலத்து எச்சமே. மாநிலத்தின் நிலப்பரப்பும் ஒரே துண்டாக இல்லை. காரைக்கால் தெற்கே தனியாக, மாஹி கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். புதுச்சேரி வட்டாரமே கூடப் பல துண்டுகளாய்ச் சிதறி, நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்களைக் கொண்டது. நகரின் பெயரும் ஒன்றன்று. பேருந்துப் பலகையில் ஒருபுறம் புதுச்சேரி, நடத்துநரின் கூவலில் பாண்டி, சுவரொட்டியில் புதுவை. ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி என்று எழுதி வந்ததை 2006 அக்டோபர் முதல் புதுச்சேரி என்று மாற்றிய பின்னும் பழைய வழக்கம் போகவில்லை. கடல் கடந்து வருபவர், ‘பாண்டி’ வேறு ‘புதுவை’ வேறு என்று எண்ணினால் அது அவர் குற்றமாகுமா?

பினாங்குப் பெரியவரின் ஒரு நாள்

அண்மையில் பினாங்கிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லக் கேட்டோம். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. மனைவியின் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. பல்லாண்டுகளுக்குப் பிறகு உறவினரைக் காண இருவரும் வந்திருந்தனர். மனைவியின் லாத்தாவுக்குக் கழுத்தில் கட்டி. கடலூரில் திசுப் பரிசோதனை செய்து, ஜிப்மருக்குச் செல்லுமாறு கூறியிருந்தனர். லாத்தாவும் அவருடைய மகனும் விடியுமுன் புறப்பட்டுப் போய்விட்டனர். அவர்கள் போன பிறகுதான், பரிசோதனையின் கண்ணாடித் தகடுகள் இருந்த உறை மேசைமேலேயே கிடப்பது தெரிந்தது.

தாளில் உள்ள அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பலாம். கண்ணாடித் தகட்டை அனுப்ப முடியாது. அதை மருத்துவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். மகன் தொலைபேசியில் கலங்கினார். பெரியவரோ, “நாங்க கொண்டாந்து தர்றோம் தம்பி. உன் சாச்சி புதுச்சேரியைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. பார்த்த மாதிரியும் இருக்கும்” என்று புறப்பட்டுவிட்டார். ஐம்பது கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட தூரந்தானே! சிங்கப்பூர், கோலாலம்பூர், மக்கா, மதீனா எல்லாம் சென்று வந்தவருக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை.

காலை ஒன்பது மணிக்குமுன் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கினர். அவருடைய மலேசியக் கைப்பேசிக்கு அங்கே இணைப்புக் கிட்டவில்லை. கையிலிருந்த உறையின்மீது ஆங்கிலத்தில் நிறுவனத்தின் முழுப்பெயர் எழுதியிருந்தது. அதைப் படித்து, “ஜவஹர்லால் போகணும்” என்றார் ஆட்டோ ஓட்டுநரிடம். ஓட்டுநர் தயங்காமல் ஏற்றிச் சென்று, கடைகள் நிறைந்த ஒரு வீதியில் இறக்கிவிட்டார். அது ஜவஹர்லால் நேரு வீதி! துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தன. மருத்துவமனையின் நிழல்கூட அங்கில்லை.

“ஆஸ்பத்திரி, பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி” என்று வழியில் போனவரிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். கிழக்கே கைகாட்டி, நடந்தே போய்விடலாம் என்றார். இருவரும் வாய்க்காலைக் கடந்து, பாரதி பூங்காவை ஒட்டி நடந்து, சட்டமன்றத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையை அடைந்தனர். பெரிய மருத்துவமனைதான்; அரசு மருத்துவமனையேதான். ஆனால் அது இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை. செவிலிப் பெண் ஒருவர் உறையைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது இங்க இல்ல. நீங்க கோரிமேடு போகணும். வந்த வழியே திரும்பி அதுக்கு மேலேயும் போகணும்” என்றார். தம் கைப்பேசியிலிருந்து மகனின் எண்ணுக்கும் அழைத்துப் பார்த்தார். மருத்துவரின் அறைக்கு வெளியே வரிசையில் நின்ற மகன் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார் போலும். அழைப்புப் போகவில்லை. அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

சிலைகளும் சாலைகளும்

புதுச்சேரியில் பங்கு ஆட்டோவை ‘டெம்போ’ என்பர். பேருந்து நிலையத்துக்குத் திரும்பி வந்து, ஒரு டெம்போவில் ஏறினர். ஓட்டுநர் முன்னதாகவே சொல்லியிருந்தார்: “பாய், இது இலாசுப்பேட்டை போற வண்டி. ராஜீவ் காந்தி சிலையில இறங்கி, கோரிமேடு வண்டி மாறிக்குங்க.” பெரியவரின் நினைவில் தங்கியது ‘காந்தி சிலை’ என்ற இரண்டு சொற்களே. சற்று நேரத்தில் பின்னால் அமர்ந்திருந்த ஒருவர், “காந்தி சிலை, காந்தி சிலை, நிறுத்துங்க” என்று குரல் கொடுக்கவே, இவர்களும் இறங்கிவிட்டனர். வண்டி போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே நின்றது இந்திரா காந்தியின் சிலை.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். புதுச்சேரி நகரில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினரும் வழியெங்கும் நிற்கின்றனர். நேருவின் பெயரில் கடைவீதி. அவர் பெயரிலேயே மருத்துவ நிறுவனம். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர். இந்திராவின் பெயரில் நகரின் மேற்கே ஒரு சதுக்கம். கடற்கரைப் பக்கம் ஒரு மருத்துவமனை. கதிர்காமத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. கோரிமேட்டிலேயே ஓர் இந்திரா நகர். ராஜீவின் பெயரில் வடக்கே ஒரு சதுக்கம். எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை. அந்த ராஜீவ் மருத்துவமனை இருப்பதோ இந்திரா சதுக்கத்தின் பக்கம்! இவை போதாவென்று, ‘காந்தி சிலை’ என்று மட்டும் சொன்னால் அது கடற்கரையில் நிற்கும் மகாத்மாவையும் குறிக்கும். எவரும் பிறரைக் குழப்பவேண்டும் என்று இப்பெயர்களை வைக்கவில்லை. தலைவர்களுக்குச் செய்த மரியாதையே இது. ஆனால் அம்மரியாதையின் விலையை முகவரி தேடுபவனே செலுத்துகிறான்.

பெரியவருக்கு நேர்ந்ததும் அதுதான். சதுக்கத்தில் நின்ற ஓர் இளைஞரிடம் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். இளைஞர் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே ஒரு திசையைக் காட்டினார். வெயிலில் நடந்து சென்று பார்த்தால், வாயில் நிறையத் தாய்மாரும் கைக்குழந்தைகளும். காவலாளி மரியாதையோடு, “இது பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிங்க பாய்” என்றார். பெரியவரின் மனைவி அங்கேயே திண்ணையில் அமர்ந்துவிட்டார். அவருக்கு நீரிழிவு உண்டு. காலையிலிருந்து ஒரு தேநீர் தவிர வேறொன்றும் அருந்தவில்லை. “எங்க லாத்தா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பா” என்று அந்த அம்மையார் கண் கலங்கியதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது.

எல்லைக்கோட்டில்

மீண்டும் ஓர் ஆட்டோ. “கோரிமேடு” என்றார் பெரியவர். “கோரிமேட்டுல எங்க?” என்றார் ஓட்டுநர். நான்கு இடங்களில் ஏமாந்தவருக்கு, செவிலிப் பெண் சொன்ன அந்த ஒரு சொல்லின்மீதே நம்பிக்கை. “கோரிமேடுதான்” என்று உறுதியாகச் சொன்னார். ஓட்டுநரும் சொன்ன சொல் தவறாமல், ஜிப்மரின் வாயிலைக் கடந்து, கோரிமேட்டின் கடைசியில், எல்லையருகே இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு பெரிய வாயிலையோ, நோயாளிகளின் கூட்டத்தையோ காணவில்லை. சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருந்தன. மதுக்கடைப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. சற்றுத் தொலைவு நடந்தபோது எதிர்ப்பட்ட காவலர் தலையில் சிவப்புத் தொப்பி இல்லை. அவர்தாம், “ஐயா, நீங்க தமிழ்நாட்டுக்குள்ள வந்துட்டீங்க. திரும்பிப் போங்க” என்றார். காலையில் கடலூர்ச் சாலை வழியாக ஒரு மாநிலத்தைவிட்டு மற்றொன்றுக்குள் வந்தவர்கள், நண்பகலில் மறுபக்கமாக வெளியே வந்துவிட்டிருந்தனர். புதுச்சேரியை முழுவதுமாகக் குறுக்கே கடந்துவிட்டனர். தேடிய இடத்தை மட்டும் காணவில்லை.

2020-ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நாட்களில் இந்த எல்லை அடைக்கப்பட்டுக் கிடந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடாக இருந்தது, அன்று தடுப்புக்கட்டைகளாக எழுந்து நின்றது. ஒரே தெருவாய்த் தொடரும் வீடுகளுக்கிடையே இரு அரசுகள் இருக்கின்றன என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

சாலையோரத்தில் பூக்கூடையுடன் ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார். இவர்களின் தள்ளாட்டத்தைக் கண்டு அவரே அழைத்தார். உறையைப் படிக்க அவருக்குத் தெரியாது. பையின் வாயில் தெரிந்த ஊடுகதிர்ப் படத்தைக் கண்டதுமே, “ஜிப்மருக்கா? தாண்டி வந்துட்டீங்களே!” என்றார். முதலில் தம் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பின் கூடையைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒப்படைத்துவிட்டு, இவர்களை நகரப் பேருந்தில் ஏற்றி, தாமும் ஏறி, வாயில்வரை வந்து, எந்தக் கட்டடம் என்று காவலாளியிடம் விசாரித்துச் சொல்லிவிட்டே திரும்பினார். பெரியவர் பணம் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கவில்லை. “வேணாங்க பாய். நானும் ஒரு நாள் எம்புள்ளயத் தூக்கிக்கிட்டு இந்த வாசலத் தேடி அலைஞ்சவதான்” என்று சொல்லிப் போய்விட்டார்.

வளாகத்துக்குள்ளும் தேடல் முடிந்துவிடவில்லை. பொது மருத்துவமனை தனி, உயர்சிறப்புச் சிகிச்சைக் கட்டடம் தனி, பெண்கள் குழந்தைகள் பிரிவு தனி, புற்றுநோய் மையம் தனி. மகனைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றரை. மருத்துவர் தகடுகளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கொண்டுவருமாறு கூறிச் சென்றிருந்தார். அன்றிரவு நால்வரும் ஒரு சிறு விடுதி அறையில் தங்கினர். லாத்தா உறங்கவில்லை. மறுநாள் தகடுகள் உரிய கைகளில் சேர்ந்தன. சிகிச்சைக்கு வழி பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று மாலை மனம் ஆறி, மனைவியின் ஆசைப்படி பிரெஞ்சுத் தெருக்களையும் பார்த்தனர். அங்கும் சிறு வேடிக்கை காத்திருந்தது. விடுதியில் கொடுத்த சீட்டில் ஆங்கில எழுத்தில் இருந்ததைப் படித்து, “டூமாஸ் தெரு எங்கே?” என்று பெரியவர் கேட்டார். எவருக்கும் புரியவில்லை. அவர் நின்று கேட்ட இடத்தின் சுவரிலேயே ‘துய்மா வீதி’ என்று தமிழில் எழுதியிருந்தது. பிரெஞ்சு மொழியில் பல சொற்களின் கடைசி எழுத்து ஒலிக்காது என்பதை ஒரு பள்ளிச் சிறுமி சொல்லித் தந்தாளாம். புஸ்ஸி வீதி என்றும் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்றும் சொல்லப்படுவது ஒன்றே என்பதும், ஆம்பூர் சாலைதான் ஹெச்.எம். காசிம் சாலை என்பதும் அன்று அவர் கற்ற பாடங்கள். இந்த வழித்தேடல் யாரையும் நோகடிக்கவில்லை. நேரம் கையில் இருக்கும்போது வழி தவறுவதும் ஓர் இன்பமே. நேரம் கையில் இல்லாதபோதுதான் அது சோதனையாகிறது.

இப்னு பதூதா கரை சேர்ந்த விதம்

உலகம் சுற்றிய நம் முன்னோர் இப்னு பதூதா 14-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு, அரபுகள் ‘மஅபர்’ என்றழைத்த நம் தமிழகக் கரையை நோக்கிக் கப்பலேறினார். கரையை நெருங்கும் வேளையில் புயல் தாக்கிற்று. கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கிச் சிதையலாயிற்று. கட்டைகளைச் சேர்த்து மாலுமிகள் தெப்பம் செய்தனர். உடன் வந்தோரை அதில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் கரையோர மக்கள் படகில் வந்து அவரை மீட்டுக் கரை சேர்த்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவருடைய மொழி அறிந்தவருமல்லர். பழமும் மீனும் கொடுத்து உபசரித்து, மதுரைச் சுல்தானுக்குச் செய்தி போகும்வரை பாதுகாத்தனர். பல நாடுகளில் காழியாகவும் தூதராகவும் விளங்கிய அறிஞரை நம் மண்ணில் முதலில் வரவேற்றவர்கள் பெயர் தெரியாத கடலோர ஏழைகளே. பூக்கூடை அம்மாளின் செயலைக் கேட்டபோது அந்நிகழ்ச்சியே நினைவுக்கு வந்தது.

நம்மவரும் பிற நாடுகளில் வழி தெரியாதவராய் இறங்கியவர்களே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வியட்நாமின் சைகோன் நகருக்குப் பிழைக்கச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் பலர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கும் முஸ்லிம் ஒருவன் முதலில் தேடுவது மினாராவைத்தானே! தொழுகைக்கு மட்டுமன்று, ‘இவ்வூரில் நான் எங்கே போவது?’ என்று கேட்பதற்கும் அதுவே இடம்.

வழிகாட்டுவதும் தர்மம்

திருமறையில் ஸகாத்துக்கு உரியோர் எட்டு வகையினர் என்று அல்லாஹ் வகுத்துள்ளான். அவர்களுள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராக இருப்பினும், வழியில் கைவிடப்பட்டவர் உதவிக்குரியவரே. வழி தெரியாத இடத்தில் ஒருவருக்கு வழி காட்டுவது தர்மம் என்றும், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது தர்மம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது திர்மிதியில் பதிவாகியுள்ளது. இத்தர்மத்துக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு நிமிடமும் சிறிது கவனமும் போதும்.

ஆனால் கவனம் இல்லாமல் காட்டிய வழி தர்மமாகாது. பெரியவரின் கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவரை எவரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. நேரு வீதியில் இறக்கியவரும், கிழக்கே கைகாட்டியவரும், எல்லைவரை கொண்டுவிட்டவரும் கேட்டதற்குப் பதில் தந்தவர்களே. கேட்டவரின் தேவை என்ன என்று அவர்கள் மறுபடி ஒரு சொல் கேட்கவில்லை, அவ்வளவுதான். செவிலிப் பெண்ணும் பூக்கார அம்மாளும் கேட்டார்கள். வேறுபாடு அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ‘எந்த ஆஸ்பத்திரி? யாருக்கு என்ன உடம்புக்கு? சீட்டு இருக்கிறதா?’ என்று கேட்பவரே உண்மையில் வழிகாட்டுகிறார். ‘எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்’ என்று சொல்வதும் நேர்மையே. தெரியாமல் ஒரு திசையைச் சுட்டும் விரல், நல்லெண்ணத்தோடு சுட்டினாலும், நோயாளியின் ஒரு நாளைப் பறித்துவிடும்.

இதை வீட்டிலே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தங்கள் ஊரின் பழைய பெயர், புதிய பெயர், மருத்துவமனைகளின் வேறுபாடு ஆகியவற்றை அவர்கள் அறிந்திருக்கவேண்டும். நகரின் முல்லா வீதிப் பகுதியிலும் பிற மஹல்லாக்களிலும் உள்ள ஜமாஅத்தினர், ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளுக்காகப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் நான்கு வரி எழுதி வைத்தால் எவ்வளவு பயன்படும்! எந்த மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது என்ற விவரம் போதும். மதம் பாராமல் எல்லோருக்கும் அது உதவும்.

செல்வோர் நினைவில் கொள்ள

கோரிமேட்டுக்குச் செல்ல இருப்போருக்கும் சில சொற்கள்.

‘ஜிப்மர்’ என்ற பெயரையே சொல்லுங்கள். அதை அறியாத ஓட்டுநர் அங்கில்லை. முழுப்பெயரையோ தபால் முகவரியையோ சொல்லிக் குழப்பம் தேடிக்கொள்ள வேண்டாம். கோரிமேடு என்று மட்டும் சொல்வதும் போதாது. அங்கே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், மார்பு நோய் மருத்துவமனையும், பல் மருத்துவ நிறுவனமும் அருகருகே உள்ளன.

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பேருந்தில் வருவோர், நகருக்குள் போகாமல் ஜிப்மர் வாயிலிலேயே இறங்கிக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருவோர் ராஜீவ் காந்தி சதுக்கத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். இந்திரா காந்தி சதுக்கம் அதற்கு அடுத்தது; அங்கே இறங்கினால் திரும்பி வரவேண்டும். கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து வருவோர் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஜிப்மர் வாயில் வரை செல்லும் வண்டிதானா என்று கேட்டு ஏறுவது நலம்.

புறநோயாளிகளுக்கான பதிவு காலை நேரத்திலேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மத்திய அரசின் விடுமுறை நாட்களிலும் புறநோயாளிப் பிரிவு இயங்காது. தமிழ்நாட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்துப் புறப்பட்டு விடாதீர்கள். சீட்டுகள், படங்கள், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் முதல்நாள் இரவே ஒரே பையில் இட்டு, வாசற்படியருகே வையுங்கள். துணைக்கு வருபவரின் எண்ணைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி கைவிட்டாலும் தாள் கைவிடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைத் தனியே அனுப்ப நேர்ந்தால், இறங்குமிடத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

நோயாளியைப் பார்க்கச் செல்வது நபிவழி. அவ்வழியில் செல்வோருக்கு வழி சொல்வதும் அந்நன்மையில் பங்கு பெறுவதே. அடுத்த முறை கையில் பையுடன் ஒருவர் நம்மை நிறுத்தி ஓர் இடத்தைக் கேட்கும்போது, கைகாட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்போம். அவருக்கு ஒரு நாள் மிச்சமாகலாம். அந்த ஒரு நாள் யாருடைய உயிருக்கு உரியது என்பதை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.